சமன்பாடு முதலில், கடல் பிறகு என்பவர்களுக்கு

பாய்ம இயக்கவியலை எங்கிருந்து தொடங்குவது? பள்ளி, பொறியியல் கல்லூரி, நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையம் எங்கே கேட்டாலும் கிடைப்பது ஒரே பதில்தான். வரையறை, சமன்பாடு, தீர்த்த கணக்கு, தீர்க்க வேண்டிய கணக்கு; நேரம் மிஞ்சினால் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம். டம்ளரில் சுழலும் டீத்தூளும், விழ விழ மெலியும் குழாய்த் தண்ணீரும், அலை திரும்பும்போது காலடியில் நழுவும் மணலும் பாடத்தின் ஓரத்தில் பெட்டி கட்டிப் போடும் சமாச்சாரங்கள். மாணவர்களுக்குக் கொட்டாவி வராமல் பார்த்துக்கொள்ள உதவும். பாடம் என்பது வேறு. இப்படி நம்புகிறவர்களில் நல்ல ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். மறுப்பு தேவைப்படுவதே அதனால்தான்.

அவர்கள் தரப்பை அதன் பலத்தோடு வைத்துவிடுகிறேன். அன்றாடம் கண்ணில் படும் ஓட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே சுழற்சி ஓட்டங்கள். கரையில் உடையும் ஓர் அலையில் நீரும் காற்றும் நுரையும் மணலும் கலந்து புரள்கின்றன. அதை முழுதாக விவரிக்க வேண்டிய நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளுக்கு முப்பரிமாணத்தில் எப்போதும் சீரான தீர்வு உண்டா என்பதே இன்னும் நிரூபணமாகவில்லை. 2000ஆம் ஆண்டு கிளே கணித நிறுவனம் அதற்கு அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசு யாருக்கும் போய்ச் சேரவில்லை. இந்த நிலையில் பதினாறு வயதுப் பிள்ளையைக் கடலுக்கு முன்னால் நிறுத்தி என்ன ஆகப்போகிறது? நேரான குழாய், மெதுவான ஓட்டம் என்று எளிதிலிருந்து ஏறுவதுதானே முறை? போதாக்குறைக்கு, அன்றாட உதாரணங்கள் பொய் விளக்கங்களைப் பரப்புகின்றன, கணிதத்தை நீர்த்துப்போக வைக்கின்றன, அனுபவத்தையும் அறிவியலையும் குழப்புகின்றன, நேரத்தைத் தின்கின்றன. ஆக ஐந்து ஆட்சேபங்கள். ஒன்றுகூட அற்பமானதல்ல.

பதில் சொல்ல ஓர் இடம் வேண்டும். ஊரூர் ஒல்காட் குப்பத்தை எடுத்துக்கொள்கிறேன். சென்னையில், எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே, அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கும் மீனவர் குடியிருப்பு. பின்னால் பிரம்மஞான சபையின் தோட்டம். சில கிலோமீட்டர் மேற்கே ஐ.ஐ.டி. மெட்ராஸ்; அங்கே கடல்சார் பொறியியலுக்கென்றே ஒரு துறையும் செயற்கை அலை எழுப்பும் தொட்டிகளும் உண்டு. இயற்கை அலை எழும் தொட்டிக்கு டிக்கெட் கிடையாது.

1. கடல் சிக்கலானது, குழாய் மட்டும் எளிதா?

குழாய் தானாக எளிதாகிவிடவில்லை. அங்கே எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று யாரோ முன்பே முடிவு செய்து வைத்ததால் எளிதாகத் தெரிகிறது. 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய்க்குள் சாயத்தை விட்டுப் பார்த்தார். மெல்ல ஓடும்வரை நூல்போல நேராகப் போன சாயம், வேகம் கூடியதும் சட்டென்று கலைந்து குழாயெங்கும் பரவியது. ஒரே குழாய், ஒரே தண்ணீர், இரண்டு உலகங்கள். எந்த உலகத்தில் நிற்கிறோம் என்று சொல்வதற்குத்தான் ரெனால்ட்ஸ் எண். நம் மாணவர்களோ அதை ஒரு வாய்பாடாகப் படித்து, கொடுத்த எண்களைப் போட்டு, விடைக்கு அடிக்கோடிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற தீர்மானத்தை அவர்கள் ஒருமுறைகூட எடுப்பதில்லை. புத்தகம் எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

அந்தத் தீர்மானம் தவறினால் என்ன ஆகும்? வரலாறு பார்த்திருக்கிறது. 1752இல் தலம்பேர் என்ற பிரெஞ்சுக் கணித மேதை, பாகுநிலையே இல்லாத பாய்மத்தில் சீரான வேகத்தில் செல்லும் பொருளுக்குத் தடை சுழியம் என்று நிறுவினார். கணக்கில் பிழை இல்லை. துடுப்புப் போடும் எவரும் அதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். அந்த முரண் தீர 1904 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொருளின் மேல்தோலை ஒட்டிய மெல்லிய படலத்தில் பாகுநிலையை விடவே கூடாது என்று அந்த ஆண்டு லுட்விக் பிராண்டல் சொன்னார். கையால் சுழற்றும் ஒரு சிறு நீர்க்கால்வாயில் ஓட்டத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். எளிதிலிருந்து சிக்கலுக்குப் படிப்படியாக ஏறலாம் என்ற வழி, இந்தத் துறையிலேயே ஒன்றரை நூற்றாண்டு சுவரில் முட்டி நின்ற வழி.

பதினோராம் வகுப்பு அளவிலேயே இதைக் காட்ட முடியும். பாகுநிலைத் தடையைக் கணிக்கும் ஸ்டோக்ஸ் விதியும், அந்தத் தடையால் விழும் பொருள் கடைசியில் எட்டும் முற்றுத் திசைவேகமும் பாடத்தில் இருக்கின்றன. கணக்கில் வழக்கமாக வருவது எண்ணெயில் விழும் குண்டு. அதற்குப் பதில், குப்பத்துக் கரை மணலைச் சலித்து 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துகள்களை எடுத்து, ஒரு மீட்டர் உயரக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பிப் போடட்டும். விதிப்படி துகள் நொடிக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் இறங்க வேண்டும்; அடியைத் தொட 25 நொடி. கையில் இருக்கும் போனில் நேரம் பார்த்தால் 40 நொடிக்குப் பக்கத்தில் வரும். முதலில் சோதனை தப்பு என்பார்கள். பிறகு குழாயைச் சந்தேகிப்பார்கள். கடைசியில்தான் விதியைச் சந்தேகிப்பார்கள். அப்போது ரெனால்ட்ஸ் எண்ணைக் கணக்கிடச் சொல்லுங்கள்: ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டியது ஐந்தைத் தாண்டி நிற்கும். ஸ்டோக்ஸ் விதியின் எல்லை எங்கே என்று ஒருபிடி மணல் சொல்லிக் கொடுத்துவிட்டது. எண்ணெயில் விழும் குண்டு இதை ஒருநாளும் சொல்லாது, ஏனென்றால் விதி பலிக்கும்படி பார்த்துப் பொறுக்கி எடுத்த உதாரணம் அது.

2. அன்றாட உதாரணம் பொய் விளக்கத்தை வளர்க்கிறதா?

வளர்க்கிறது. ஆனால் யார் கையில்? உதட்டருகே காகிதத்தைப் பிடித்து அதன் மேல் ஊதினால் காகிதம் எழுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்பது பெர்னோலி தேற்றம். ஆகவே விமானம் பறக்கிறது. இந்த மூன்று வரியை எத்தனை வகுப்பறைகள் கேட்டிருக்கும்! நம் பதினோராம் வகுப்புப் புத்தகமும் புயலில் கூரை பறப்பதையும் விமான இறக்கை மேலெழுவதையும் பெர்னோலி தேற்றத்தின் பயன்பாடுகளாகவே வரிசைப்படுத்துகிறது.

இனி அதே காகிதத்தைச் செங்குத்தாக, வளையாமல் தொங்கவிட்டு ஒரு பக்கம் மட்டும் ஊதிப் பாருங்கள். சொல்லிக் கொடுத்த விளக்கம் சரியென்றால் காகிதம் காற்றை நோக்கிச் சாய வேண்டும். சாயாது. தேற்றத்தில் குற்றம் இல்லை. ஒரே ஓட்டத்துக்குள் ஒப்பிட வேண்டிய இரு புள்ளிகளை, வாயிலிருந்து வரும் காற்றிலும் அறைக்காற்றிலுமாக எடுத்ததுதான் குற்றம். முதல் சோதனையில் காகிதம் எழுந்ததற்குக் காரணம், ஊதிய காற்று அதன் வளைவை ஒட்டித் தானும் வளைந்தது. கேம்பிரிட்ஜின் ஹோல்கர் பாபின்ஸ்கி 2003இல் இதைத் தெளிவாக எழுதினார். இறக்கையின் மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் ஒரே நேரத்தில் மறுமுனையில் சந்திக்கும் என்ற கதையையும், புகைக் கோடுகளைப் படம்பிடித்துக் காட்டி, அவர் பொய்யாக்கினார். மேலே போவது முந்திவிடுகிறது.

கவனிக்க வேண்டியது, பொய்யை உடைத்தது எது என்பது. இன்னொரு சமன்பாடு உடைக்கவில்லை. அதே காகிதத்தை வேறு மாதிரிப் பிடித்ததுதான் உடைத்தது. பூமியின் சுழற்சியால்தான் தொட்டித் தண்ணீர் வடியும்போது சுழல்கிறது என்ற நம்பிக்கைக்கும் இதுவே நடந்தது. எம்.ஐ.டி.யின் ஆஷர் ஷாபிரோ ஆறடி அகலத் தொட்டியில் நீரை ஒருநாள் முழுக்க அசைவில்லாமல் வைத்திருந்து, பிறகு மெல்ல வடியவிட்டார். பூமியின் விளைவு அந்த அளவு பொறுமைக்குப் பிறகுதான் தெரியும். வீட்டுத் தொட்டியில் தெரிவது நாம் தண்ணீர் நிரப்பிய விதம். 1962இல் அவர் எழுதிய சிறு கட்டுரை அது. உதாரணத்தைக் காட்டிவிட்டு ஓடுகிறவர்கள்தான் பொய்யை வளர்க்கிறார்கள். உதாரணத்தோடு மல்லுக்கு நிற்கிறவர்கள் வளர்ப்பதில்லை. நோய் இருக்கிறது என்று ஆட்சேபக்காரர்கள் சொல்வது சரி. மருந்தையே நோய் என்கிறார்கள்.

3. கணிதம் நீர்த்துப்போகும் என்கிறார்கள். எந்தக் கணிதம்?

குப்பத்துக் கரையில் நின்று அலையைப் பாருங்கள். ஆழ்கடலில் அது எந்தத் திசையில் வந்திருந்தாலும் கரைக்குப் பக்கத்தில் ஏறக்குறைய கரைக்கு இணையாகத் திரும்பிவிடுகிறது. ஏன்? ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம், ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வருவதன் வர்க்கமூலம். இரண்டு மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 4.4 மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்தில் 3.1. சாய்ந்து வரும் அலையின் கரைப்பக்க முனை மெதுவாகிறது, கடல்பக்க முனை விரைகிறது, அலை திரும்புகிறது. ஒளிவிலகலுக்குப் படித்த அதே வடிவியல். அலையின் உயரம் அடியிலுள்ள ஆழத்தில் ஏறக்குறைய 0.8 பங்கை எட்டும்போது அது உடைகிறது. ஆகவே உடையும் அலையின் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட்டால், காலை நனைக்காமலே அங்குள்ள ஆழத்தைச் சொல்லிவிடலாம்.

இதே வர்க்கமூலத்தில் மூவாயிரம் மீட்டர் ஆழத்தைப் போட்டுப் பார்க்கட்டும். மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் வரும். 2004 டிசம்பர் 26 காலை 6.29க்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் குலுங்கியது. சென்னைக் கரையை அலை தொட்டபோது மணி ஒன்பதை நெருங்கியிருந்தது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. ஒரு வரிக் கணக்கு அது. அதைப் போடத் தெரிந்தவர்கள் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கடலுக்குப் போட வேண்டிய கணக்கு என்று அவர்களுக்குச் சொல்லித் தரப்படவில்லை. எச்சரிக்கை அமைப்பு இல்லாததே முதன்மைக் குறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இது உறுத்துகிறது.

படகை அலைக்குள் தள்ளும் மீனவர்கள் கொஞ்சம் பொறுப்பார்கள். பெரிய அலைகள் ஒரு கூட்டமாக வந்து போனதும் ஓர் இடைவெளி கிடைக்கும், அதில் தள்ளுவார்கள். ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணுள்ள அலைவரிசைகள் ஒன்றன் மேல் ஒன்று படியும்போது வீச்சு கூடிக் கூடிக் குறையும். இசைக்கவைகளை வைத்து விம்மல் என்று பிளஸ் ஒன்னில் படிப்பது இதைத்தான். இசைக்கவையில் காதுக்கு ஒரு வேடிக்கை. இங்கே படகு கவிழாமல் இருப்பது அதில் இருக்கிறது.

காலடி மணலுக்கு வருகிறேன். சென்னையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த கூச்சம் அது. கடலைப் பார்த்து நின்றால், திரும்பும் நீர் முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறது; பெரும்பாலும் குதிகால்தான் முதலில் இறங்கும். திரும்பி நின்றால் விரல்கள். எதிர்கொள்ளும் பக்கத்தில் நீர் காலில் மோதிக் கீழே இறங்கி, மணலைக் குடைந்துகொண்டு இரு பக்கமும் லாட வடிவில் சுழன்று போகிறது. காலின் அகலம் ஏழு சென்டிமீட்டர், வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் ரெனால்ட்ஸ் எண் 70,000. குப்பத்திலிருந்து கொஞ்சம் வடக்கே நடந்தால் 1977இல் அடையாற்றின் வேகத்தில் இடிந்த உடைந்த பாலம் நிற்கிறது. சினிமாக்காரர்களும் போட்டோ எடுப்பவர்களும் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இயற்பியல் ஆசிரியர்கள் மட்டும் விட்டுவிட்டார்கள். உலகெங்கும் ஆறுகள் பாலங்களைச் சாய்க்கும் வழிகளில் முதன்மையானது, தூணின் அடியை இப்படிக் குடைவதுதான்.

சாய்ந்து வந்து உடையும் அலைகள் மணலைக் கரையோரமாகவே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே, மற்ற மாதங்களில் வடக்கே. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் நிகர நகர்வு வடக்கே. 1876இல் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கியதும் அந்த மணலின் வழி அடைபட்டது. தெற்கே சேர்ந்தது, மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் நிலத்தைத் தின்றது. ஒரு நகரத்தின் ஒரு பகுதிக்குப் பூங்காவும் இன்னொரு பகுதிக்குக் கருங்கல் சுவரும் வந்ததன் பின்னால் இருப்பது ஒரு கழித்தல் கணக்கு: உள்ளே வரும் மணல், வெளியே போகும் மணல். இதே மணல்தான் ஆற்றில் நீர் வற்றும்போது அடையாற்று முகத்துவாரத்தை மூடுகிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் ஓட்டம் என்கிற தொடர்ச்சிச் சமன்பாடு தெரிந்த நகரம்தான் ஆற்றின் குறுக்குப் பரப்பைச் சுருக்கி வைத்திருந்தது.

உயர்கணிதம் வேண்டும் என்றால் அதுவும் கண்முன் நடக்கும் ஓட்டத்திலிருந்துதான் கிளம்புகிறது. மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1961இல் பாய்ம நிலைத்தன்மை பற்றி எழுதிய நூல், இந்தத் துறையின் மிகக் கறாரான கணித நூல்களில் ஒன்று. அதன் முதன்மைப் பேசுபொருள்களில் ஒன்று, 1900இல் ஆன்ரி பெனார், அடியில் சூடேற்றிய மெல்லிய திரவப் படலத்தில் கண்ட அறுகோணக் கட்டங்கள். 1916இல் ராலே பிரபு அவற்றுக்கு மிதப்பு விசையை வைத்து அழகான கோட்பாடு தந்தார். 1950களில் பார்த்தால், பெனாரின் மெல்லிய படலத்தை அசைத்தது பெரும்பாலும் பரப்பு இழுவிசை! கோட்பாடு தப்பில்லை, இடம் தப்பு. சட்டியில் இருந்த திரவத்துக்குக் கோட்பாடு தெரியாது.

4. மீனவருக்குத் தெரிந்தது அனுபவம், அறிவியல் அல்ல என்கிறார்கள்.

இந்த ஆட்சேபத்தில் பாதி எனக்குச் சம்மதம். கடலோரத்து அறிவைப் புனிதப்படுத்தி, சமன்பாடே வேண்டாம் என்று பேசும் ஒரு கூட்டமும் இருக்கிறது. அவர்களோடு எனக்கு ஒட்டாது. வாடையும் கொண்டலும் எப்போது வீசும், அதோடு நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பும், எந்த மீன் வரும் என்று சொல்ல முடிவதால் சுழற்சி ஓட்டத்தின் கணிதம் வந்துவிடாது.

ஆனால் மறுபாதி? இந்தக் குப்பத்து மீனவர் ஒருவர் காற்றையும் நீரோட்டத்தையும் அலையையும் நாள்தோறும் குறித்து வைத்தது செய்தியாகவே வந்திருக்கிறது. தேதி, திசை, வலு, அன்றைய கடலின் நடத்தை. இதைத் தரவு என்று அழைக்காவிட்டால் எதை அழைப்பது? இங்கே கரைக்கு இணையான நீரோட்டம் தெற்கிலிருந்து வருவதும் வடக்கிலிருந்து வருவதும் தனித்தனிப் பெயர் பெறுகின்றன. பருவத்தோடு திசை மாறும் நீரோட்டத்தைப் பாடப்புத்தகத்தில் படிக்கும் மாணவருக்கு, அந்த மாற்றம் எந்த வாரத்தில் நடந்தது என்று சொல்லக்கூடியவர் பஸ் தூரத்தில் இருக்கிறார். அவரிடம் கேள்விகளோடு போகச் சொல்கிறேன், பக்தியோடு அல்ல.

5. நேரம் இல்லை, தேர்வு இருக்கிறது.

நாற்பது பேரைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகும் பொறுப்பை எந்தத் தலைமை ஆசிரியரும் லேசில் ஏற்கமாட்டார், நியாயம்தான். கடற்கரைக்கே போக வேண்டும் என்றும் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் டீத்தூள் போதும். கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்தால் தூள் விளிம்புக்கு ஓடாமல் நடுவில் குவியும். ஆற்று வளைவுகள் ஏன் மேலும் மேலும் வளைகின்றன என்பதற்கு 1926இல் ஐன்ஸ்டைன் இதைத்தான் வைத்து விளக்கினார். வகுப்பில் ஐந்து நிமிடம்.

தேர்வைப் பொறுத்தவரை, கேட்கும் கேள்வியை மாற்றாமல் நேரமில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை. எதைக் கேட்கலாம்? எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவகம் நிற்கிறது. 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய்த் தானும் மூழ்கிய டென்மார்க்காரருக்கு எழுப்பியது. அதைச் சுற்றிப் படம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இன்றும் அதே கடலில் இறங்குகிறார்கள். விடுமுறை நாட்களில் மூழ்குகிறவர்களில் கல்லூரி மாணவர்களும் இருக்கிறார்கள். அலைகள் கரைக்குத் தள்ளும் நீர் எங்காவது திரும்பியாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு இடையில் ஆழமான ஒரு குறுகிய வழி கிடைத்தால் அதில் பாய்ந்து திரும்பும். வலுத்தால் நொடிக்கு 2 மீட்டரைத் தொடும். உலகின் மிகச் சிறந்த நீச்சல் வீரரின் வேகம் அவ்வளவுதான். கொடுமை என்னவென்றால், ஆழம் அதிகம் என்பதால் அந்த இடத்தில் அலை உடைவதில்லை. பார்க்க அமைதியாக இருக்கும், அங்கேதான் இறங்குவார்கள். கரையை நோக்கி நேராக நீந்துகிறவர் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் சில பத்து மீட்டரில் அந்த ஓட்டத்திலிருந்து வெளியே வந்துவிடலாம்.

ஆகவே பிளஸ் ஒன் வினாத்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு இப்படி ஒரு கேள்வி வைக்கலாம்: ‘ஒரு கடற்கரையில் அலைகள் வரிசையாக உடைகின்றன; நடுவில் ஓரிடத்தில் மட்டும் உடையவில்லை. அங்கே ஆழம் எப்படி இருக்கும்? நீர் எந்தத் திசையில், பக்கத்து இடங்களைவிட வேகமாகவா மெதுவாகவா ஓடும்? அங்கே மாட்டிக்கொண்டவர் எந்தப் பக்கம் நீந்த வேண்டும்? தொடர்ச்சிச் சமன்பாட்டைக் கொண்டு, படத்துடன் விளக்குக.’